வின்ச் கடைசியில் வாங்கலாம்: ஏடிவி பாதுகாப்புச் சாமான்கள் ஒரு மதிப்பீடு

ஏடிவி, அதாவது ஹேண்டில்பாரால் ஓட்டும் நான்கு சக்கரக் காட்டுப் பாதை வண்டி. அதற்கான சாமான்கள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணில் முதலில் படுவது வின்ச் (மாட்டிய வண்டியைக் கயிறால் இழுக்கும் மோட்டார்), எல்இடி விளக்குப் பட்டை, பெரிய சேற்று டயர், ஸ்பீக்கர். வண்டி வாங்கிய சூட்டோடு பலர் பணத்தைக் கொட்டுவதும் இவற்றில்தான். இந்த மதிப்பீடு அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. உடம்பில் மாட்டுவது முதலில். டயருக்குள் இருக்கும் காற்று அடுத்து. வண்டியில் போல்ட் போட்டு முடுக்குவதெல்லாம் அப்புறம்.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுத்தர யூட்டிலிட்டி (வேலைகளுக்கான) ஏடிவி 300 கிலோவை ஒட்டி இருக்கும். உயரம் அதிகம், அகலம் குறைவு, சீட் பெல்ட் கிடையாது, கூரையும் கிடையாது. பல மாடல்களில் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் திருப்பத்தில் ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சாய்க்காவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்பியும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும், சரிவைக் குறுக்கே கடக்கும்போது மேட்டுப் பக்கம் சாய வேண்டும். ஓட்டுபவரின் எடைதான் இந்த வண்டியின் சமநிலை. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வி: இது அந்த உடம்பைக் காக்கிறதா, அது அசைய இடம் விடுகிறதா?

ஹெல்மெட்

முகவாய்க்கட்டை வரை மூடும் மோட்டோகிராஸ் வகை ஹெல்மெட்தான் இந்த வேலைக்குச் சரி. முகவாய்ப் பகுதி முன்னால் நீண்டிருப்பதால் புழுதிச் சூட்டில் மூச்சுவிட இடம் இருக்கும். கண் திறப்பு அகலமாக இருப்பதால் காகிள்ஸ் உள்ளே உட்காரும். சாலையில் போடும் முழு ஹெல்மெட்டும் காக்கும். ஆனால் மெதுவாக ஏறி இறங்கும் காட்டுப் பாதையில் காற்றோட்டம் போதாமல் அரை மணியில் வைசரில் ஆவி படரும், வைசரைத் திறந்துவிட்டு ஓட்டும் பழக்கம் வந்துவிடும். அரை ஹெல்மெட்டும் சைக்கிள் ஹெல்மெட்டும் வேண்டவே வேண்டாம். ஏடிவி விபத்தில் முகம் நேராக ஹேண்டில்பாரிலோ தரையிலோ போய் மோதும்.

பாதுகாப்புத் தர முத்திரைகளில் அமெரிக்க டிஓடி, ஐரோப்பிய இசிஇ 22.06, ஸ்னெல் எம்2020 ஆகிய மூன்றையும் அதிகம் பார்க்கலாம். டிஓடி முத்திரையைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் ஒட்டுகிறார். இசிஇ ஹெல்மெட் விற்பனைக்கு வரும் முன்பே ஆய்வகச் சோதனையைத் தாண்டியாக வேண்டும், அதிலும் 22.06 பதிப்பில் தலையைச் சுழற்றும் சாய்வான மோதலுக்கும் சோதனை உண்டு. ஏடிவியில் இருந்து விழுபவர் பெரும்பாலும் உருண்டு விழுகிறார் என்பதால், டிஓடி, இசிஇ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 22.06 தான் எங்கள் தேர்வு. முத்திரையே போலியாக இருக்கலாம். அப்போது எடையும் உள்ளடுக்கும் காட்டிக்கொடுக்கும். தெர்மாகோல் போன்ற உள்ளடுக்கு சுமார் 2.5 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும், ஹெல்மெட் 1.4 கிலோவை ஒட்டி எடை காட்ட வேண்டும். அரைக் கிலோகூட வராத ஹெல்மெட்டில் மெல்லிய ஸ்பாஞ்சைத் தவிர எதுவும் இருக்காது.

அளவு பார்க்கும் முறை: மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இடம் வலமாக அசைத்தால் நெற்றித் தோலும் கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பட்டையைக் கட்டியபின், பின்பக்கக் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டி இழுத்துப் பாருங்கள். கண்ணுக்கு மேல் ஏறி வந்தால் அது பெரிய சைஸ். புதிய கன்னத் திண்டுகள் சில வாரங்களில் கொஞ்சம் அமுங்கிவிடும், ஆகவே கடையில் 'இதமாக' இருப்பது பிறகு தொளதொளவென்று ஆகும். இரட்டை டி வளையக் கட்டு புதிதாகப் பழகுபவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அன்றைய தலைக்கேற்ப இறுகுவது அதுதான். ஒடித்து மாட்டும் கொக்கி ஒரே நீளத்தில் நின்றுவிடும், பட்டை தளர்ந்தது தெரியவே தெரியாது.

ஹெல்மெட்டின் முன்னால் நீண்ட மேல் விளிம்பு நிழல் தரவும், முன்வண்டியின் சேற்றைத் தடுக்கவும் இருக்கிறது. அது பிளாஸ்டிக் திருகில் நிற்பதற்குக் காரணம், விழும்போது உடைந்து கழன்று கழுத்தைத் திருகாமல் விடுவதற்காகத்தான். திருகு தொலைந்தால் இரும்புத் திருகு போட்டு 'உறுதி' பண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் உள்ளடுக்கு நசுங்கியிருக்கும். நசுங்கியது திரும்ப எழும்பாது. அடிபடாத ஹெல்மெட்டையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவான பரிந்துரை, வியர்வையும் பெட்ரோல் ஆவியும் பசையைத் தின்னும். இரண்டாம் கை வண்டி வாங்கலாம், இரண்டாம் கை ஹெல்மெட் வாங்கக் கூடாது. குழந்தைக்குப் பெரியவர் ஹெல்மெட்டில் துணி திணித்துக் கொடுப்பதும் அதே கணக்குத்தான். அது கனமாகக் கழுத்தை இழுக்கும், விழும்போது சுழன்றுவிடும்.

காகிள்ஸ், கையுறை, பூட்ஸ்

காகிள்ஸில் இரட்டைக் கண்ணாடி வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடியில் ஆவி படர்வது மிக விரைவு. அமெரிக்க ஏஎன்எஸ்ஐ இசட்87.1 தாக்க முத்திரை இருக்கிறதா என்று காகிள்ஸின் சட்டகத்தில் தேடிப் பாருங்கள். முன்சக்கரம் எறியும் கல்லைத் தாங்காத கண்ணாடியால் பயனில்லை. கருப்பு லென்ஸ் வெயிலில் நன்றாக இருக்கும், மரநிழலுக்குள் நுழைந்ததும் குழி தெரியாது. நிறமற்ற லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். உள்பக்கப் பூச்சு ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் போய்விடும், ஒற்றி எடுக்க வேண்டும். சேறு பட்டால் உரித்து எறியும் மெல்லிய தாள்களை இந்த மதிப்பீட்டில் தள்ளுபடி செய்கிறோம். பாதை ஓரமெல்லாம் அவை கிடக்கின்றன. அதே வேலையைச் செய்யும் சுருள் படல அமைப்பு குப்பை போடாது.

கையுறையில் பார்க்க வேண்டிய இடம் வலது கட்டைவிரல். ஏடிவியில் ஆக்சிலரேட்டர், அதாவது திராட்டில், கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோலாக இருக்கிறது. உடம்பு முன்னும் பின்னும் ஆடும்போது பைக் போலக் கைப்பிடியைத் தவறுதலாகத் திருகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கட்டைவிரலின் உள்பக்கத் தையல் அந்த நெம்புகோலில் உரசினால் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். தடித்த உள்ளங்கைத் திண்டும் வேண்டாம், கைப்பிடியை இறுகப் பிடிக்க வைத்து முன்கையைச் சோர்வாக்கும்.

பூட்ஸைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பைக் ஓட்டிப் பழகியவர்கள் ஏடிவிக்கு வந்ததும் செய்யும் மிகப் பெரிய தவறு, வண்டி சாயும்போது காலை ஊன்றுவது. பைக்கில் காலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஏடிவியில் காலுக்குப் பின்னால் அகலமான பின்சக்கரம் இருக்கிறது. ஊன்றிய பாதத்தின் மேல் அது ஏறி, குதிகாலைப் பிடித்து இழுத்து, ஆளைக் கீழே சாய்க்கும். கணுக்கால் முறிவது இப்படித்தான். ஆகவே பூட்ஸுக்கு மூன்று தேவைகள்: கணுக்காலுக்கு மேல் வரை உயரம், கால்மிதியில் இருந்து முன்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் குதிப்பகுதி, பக்கவாட்டில் வளையாத விறைப்பு. மலையேற்றக் காலணியில் முதல் இரண்டு கிடைக்கும், மூன்றாவது கிடைக்காது. பந்தய மோட்டோகிராஸ் பூட்ஸில் மூன்றும் உண்டு, ஆனால் அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் சேற்றில் இறங்கி நடந்தால் சறுக்கும். அடியில் பள்ளம் வெட்டிய எண்டியூரோ வகையே காட்டுப் பாதைக்கு ஏற்றது. நீர்புகா பூட்ஸ் மேல்விளிம்பு வரை தண்ணீர் ஏறாதவரைதான் நன்மை. ஏறிவிட்டால் வடியாது, நாள் முழுக்க கனக்கும்.

மார்புக் கவசம் வாங்கும்போது ஐரோப்பியத் தர எண்ணைப் பாருங்கள். இஎன் 14021 என்றால் பறந்து வரும் கல்லுக்கு மட்டும் சோதிக்கப்பட்டது. மோதலுக்கான சோதனை முதுகுக்கு இஎன் 1621-2, மார்புக்கு இஎன் 1621-3. விளம்பரப் படத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரி தெரியும். ஹேண்டில்பார் மார்பில் மோதும் வண்டிக்கு முதல் வகை மட்டும் போதாது.

காற்றழுத்த மானி: மலிவான சாமான், பெரிய வேலை

ஒரே ஒரு சாமானைப் பரிந்துரைக்கச் சொன்னால், ஹெல்மெட்டுக்கு அடுத்து இதுதான். பலர் இதை வாங்குவதே இல்லை. கார் டயருக்கு வைத்திருக்கும் மானியே போதும் என்று நினைக்கிறார்கள்.

கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ஏடிவி டயரில் பெரும்பாலும் 3 முதல் 8 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கான எண் மட்கார்டிலோ சேசிஸிலோ ஒட்டிய லேபிளில் இருக்கும், முன்னும் பின்னும் வேறாக இருக்கலாம். மானியின் பிழை வழக்கமாக முழு அளவில் இத்தனை சதவீதம் என்று சொல்லப்படும். 60 பிஎஸ்ஐ மானியில் 2 சதவீதம் என்றால் 1.2 பிஎஸ்ஐ. காரில் அது ஒரு பொருட்டே இல்லை. 4 பிஎஸ்ஐ டயரில் அது 30 சதவீதம். 15 பிஎஸ்ஐ மானியில் அதே 2 சதவீதம் 0.3 பிஎஸ்ஐதான். ஆகவே 0 முதல் 10 அல்லது 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் மானி, அரை பிஎஸ்ஐ அல்லது அதற்கும் நுண்ணிய கோடுகளுடன் வேண்டும். முள் மானி கீழே விழுந்தால் கணக்கு மாறிவிடும், ரப்பர் உறை போட்டதாக வாங்குங்கள். டிஜிட்டல் மானி படிக்கச் சுலபம், ஆனால் சில மாடல்கள் 0.5 பிஎஸ்ஐ படியில்தான் எண் காட்டும், வாங்கும் முன் அதைக் கேளுங்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொத்தான் இருந்தால் வேலை பாதி.

அழுத்தம் கூடினால் டயர் பந்தாகத் துள்ளும், தரையைக் கவ்வாது, சின்னக் கல்லிலும் ஹேண்டில்பார் உதறும். குறைந்தால் கல்லில் ரிம் இடித்து வளையும், பக்கச்சுவர் நசுங்கிக் கிழியும், வேகத் திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்று காற்று ஒரே நொடியில் போகும். இடது வலது வேறாக இருந்தால் வண்டி குறைந்த பக்கம் இழுக்கும். இழுக்கும் வண்டியில் பலர் ஸ்டியரிங் அலைன்மென்ட் பார்க்கப் போவார்கள், முதலில் மானியை வைத்துப் பாருங்கள். ஒரே தண்டு அச்சுள்ள வண்டியில் இன்னொரு வேலையும் இருக்கிறது: இரண்டு பின் டயரிலும் ஒரே அழுத்தம் வைத்துவிட்டு, தையல்காரர் நாடாவால் சுற்றளவை அளந்து ஒப்பிடுங்கள். ஒரே மாடல் டயர்களிலும் வித்தியாசம் வரும். பெரிய சுற்றளவுள்ள டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துச் சமப்படுத்தலாம், லேபிள் சொல்லும் கீழ் எல்லைக்குள்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் 5 பிஎஸ்ஐ டயரில் சுமார் 0.6 பிஎஸ்ஐ மாறும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் கூடித் தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத கோளாறு: வீட்டில் சரியாக வைத்த டயர் மலைமேல் கல்லாக இருக்கும், வண்டி ஏன் துள்ளுகிறது என்று சஸ்பென்ஷனைத் திருகிக்கொண்டிருப்பார்கள். பாதை தொடங்கும் இடத்தில், இஞ்சின் போடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள்.

மானியோடு சேர்த்து ஒரு பஞ்சர் கிட்டும் பம்பும் வாங்க வேண்டும். டியூப் இல்லாத டயரில் தார் பூசிய கயிற்றைச் செருகும் கிட் போதும். டி வடிவக் கைப்பிடியுள்ள ஊசி வாங்குங்கள், நேர்க்கைப்பிடி ஊசியை ஏடிவி டயரின் தடித்த ரப்பரில் தள்ளும்போது உள்ளங்கை கிழியும். பம்பில், சைக்கிளுக்கு விற்கும் 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியை நம்ப வேண்டாம். ஏடிவி டயர் ஒன்று சுமார் 40 லிட்டர் கொள்ளும், ஒரு குப்பி அதில் மூன்று பிஎஸ்ஐ தந்தால் அதிகம். கைப்பம்போ 12 வோல்ட் சிறு கம்ப்ரசரோதான் சரி. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் நேராக நிரப்புவது ஆபத்து: ஒரு நொடி அசந்தால் டயர் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். டயர் ரிம்மில் உட்காருவதற்கான உச்ச அழுத்தம் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டினால் டயர் வெடிக்கக்கூடும்.

இஞ்சினை நிறுத்தும் கயிறு

மணிக்கட்டில் மாட்டி, ஹேண்டில்பார் சுவிட்சில் செருகும் சிறு கயிறு. ஆள் விழுந்தால் கயிறு உருவி இஞ்சின் நிற்கும். திராட்டில் நெம்புகோலுக்குள் சேறு புகுந்து ஒட்டிக்கொண்ட வண்டி ஆளில்லாமல் ஓடி, கீழே கிடப்பவர் மேல் ஏறாமல் இருக்க இதுதான் காவல். சிறுவர் வண்டிகளில் பெரும்பாலும் உடன் வரும், பெரியவர் வண்டிக்குத் தனியாக வாங்கி மாட்டலாம். கயிறு நீளம் நின்றபடி ஓட்ட இடம் தர வேண்டும், கால்மிதியில் எழுந்ததும் உருவிவிடும் கயிறை இரண்டாம் நாளே கழற்றி எறிந்துவிடுவார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது உருவிப் பார்த்து, நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

சிறுவர் வண்டியில் திராட்டில் எவ்வளவு தூரம் அழுங்கலாம் என்று கட்டுப்படுத்தும் திருகும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதை முடுக்கிவிட்டுப் பெரியவர் வண்டியைச் சிறுவரிடம் கொடுப்பது அதற்கான பயன்பாடே இல்லை. அமெரிக்க வகைப்பாட்டில் 6, 10, 12, 14 வயதுக்கு மேல் என்று வண்டியிலேயே லேபிள் வரும், பெரியவர் வண்டி 16 வயதுக்கு மேல்தான். வேகம் குறைந்தாலும் 300 கிலோ 300 கிலோதான், அதைச் சாய்த்துச் சமாளிக்கச் சிறுவரின் எடை போதாது.

கவிழ்தல் தடுப்புக் கம்பி

ஏடிவி கவிழ்ந்து அடியில் சிக்கியவர் பலசமயம் அடியால் சாவதில்லை. மார்பு அழுந்தி மூச்சு விட முடியாமல் சாகிறார். இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இந்தக் கம்பி வண்டி முழுதும் தலைகீழாகப் படுக்காமல் தடுத்து, ஆள் ஊர்ந்து வெளியேற இடைவெளி உண்டாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் உருவான குவாட்பார் கொண்டையூசி போல வளைந்த உலோகக் கம்பி. நியூசிலாந்தில் உருவான லைஃப்கார்டு அரைவட்ட வளைவு. அது துண்டு துண்டாக வளைந்து கொடுப்பதால் ஆள்மேல் பட்டாலும் ஓரளவு விலகிக்கொடுக்கும்.

இதைப் பற்றி வாக்குவாதம் உண்டு. கம்பியே ஆளை அடிக்கலாம் என்பது ஏடிவி உற்பத்தியாளர்கள் தரப்பின் வாதம். ஆஸ்திரேலியா கேட்டுப் பார்த்துவிட்டு, 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும் புதிய பொதுப்பயன்பாட்டு ஏடிவிகளில் இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே எந்தக் கோணத்தில் வண்டி இரண்டு சக்கரத்தில் தூக்கும் என்று எழுதிய அட்டையும் ஒவ்வொரு புது வண்டியிலும் தொங்க வேண்டும். பண்ணை வேலைக்கு, மெதுவாக, தனியாக, சரிவில் ஓட்டுபவருக்கு இது அவசியம் என்பது எங்கள் கருத்து. மரக்கிளைகள் தாழ்ந்த குறுகிய காட்டுப் பாதையில் கிளையில் மாட்டும் தொந்தரவு உண்டு, அங்கே வளைந்து கொடுக்கும் வகை பொருந்தும். கேரியர் கம்பியில் மட்டும் கட்டும் மலிவு நகல்களைத் தொடவேண்டாம். கேரியர் முறிந்தால் கம்பி ஈட்டியாகிவிடும். இழுவைக் கொக்கியிலும் சேசிஸிலும் பிடிக்கும் வகைதான் தாங்கும்.

கம்பி இருக்கிறது என்ற தைரியத்தில் செங்குத்து ஏற்றத்துக்குப் போகக் கூடாது. ஏற்றத்தில் இஞ்சின் நின்றால் முன்னால் குனிந்தபடி பிரேக் பிடித்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கம் இறங்குங்கள். பின்னோக்கி உருள விட்டுப் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் முன்பக்கம் தூக்கி வண்டி மேலே விழும்.

இனி வின்ச்

சேற்றில் மாட்டினால் வின்ச் உண்மையிலேயே உதவும். அதை மறுக்கவில்லை. ஆனால் தவறாகக் கையாண்டால் மாட்டிக்கொண்டதைவிடப் பெரிய ஆபத்து அதுவே.

அளவுக்கு எளிய கணக்கு: வண்டி, ஆள், சாமான் மொத்த எடையின் ஒன்றரை மடங்கு. நடுத்தர வண்டிக்கு 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிலோ வின்ச் போதும். கனமான வண்டிக்கு 3,500 பவுண்டு. பெட்டியில் அச்சிட்ட இழுவிசை, கயிறு சுற்றும் டிரம்மின் முதல் சுற்று அடுக்குக்கு மட்டுமே, கயிறு நிறையச் சுற்றியிருக்கும்போது இழுவிசை கணிசமாகக் குறையும். ஆகவே கயிறை நீளமாக இழுத்து, தூரத்து மரத்தில் மாட்டுவதே பலம் தரும். அதற்காக முழுவதும் இழுத்துவிடக் கூடாது: இரும்புக் கயிறு குறைந்தது 5 சுற்று, செயற்கை இழைக் கயிறு 10 சுற்று டிரம்மில் மிஞ்ச வேண்டும். கயிறைப் பிடித்திருப்பது கடைசித் திருகு கிடையாது, அந்தச் சுற்றுகளின் உராய்வு. ஒரு கப்பியை மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

இரும்பா, செயற்கை இழையா என்றால் செயற்கை இழை. அறுந்தால் இரும்பைப் போல விசையோடு அடிக்காது, கையில் கம்பி முள் குத்தாது, எடை குறைவு. அதன் எதிரி உரசலும் வெயிலும் மண்ணும். பழைய இரும்புக் கயிறு ஓடிய உருளை வழியாக அதை ஓட்டினால் உருளையின் கீறல்கள் இழையை அறுக்கும், கயிறை மாற்றும்போது உருளைக்குப் பதில் வழுவழுப்பான அலுமினிய வாயையும் மாட்டுங்கள். இரும்பே வைத்திருப்பவர்கள் இழுக்கும்போது கயிறின் நடுவில் கனமான துணியோ ஜாக்கெட்டோ போட்டு, மற்றவர்களைக் கயிறு நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள்.

மரத்தில் நேராகக் கயிறைச் சுற்றி, கொக்கியை அதே கயிறில் மாட்டுவது இரண்டு கேடு: பட்டை உரிந்து மரம் காயும், கயிறும் மடிந்து அறும். 5 செ.மீ.க்கு மேல் அகலமான மரப்பட்டியை வின்ச்சோடு சேர்த்து விற்காத கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் சூடாகிவிட்டால் நிறுத்தி ஆற விடுங்கள், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் சேற்றில் இருந்து வெளியே வந்தபின் ஸ்டார்ட் ஆகாது.

இன்னொரு வண்டியால் இழுப்பதானால் பட்டை இழுவைக் கொக்கியில் இருந்து மட்டும். கேரியரிலோ இருக்கைக் கம்பியிலோ கட்டி இழுத்தால், இழுக்கும் இடம் அச்சுக்கு மேலே இருப்பதால் இழுக்கும் வண்டி பின்னால் கவிழும். இரு முனையிலும் இரும்புக் கொக்கி தைத்த பட்டை பிய்ந்தால் கொக்கி தோட்டாவாகப் பறக்கும். வெறும் வளைய முனையுள்ள பட்டையும் இழையால் முடைந்த மென்மையான ஷாக்கிளும் (இணைப்பு வளையம்) வாங்குங்கள்.

வாங்கவே வேண்டாதவை

கேரியரில் மாட்டும் பின்னிருக்கைப் பெட்டி. மெத்தை, முதுகுச் சாய்மானம், கைப்பிடி எல்லாம் வைத்து அழகாக விற்கிறார்கள். அமெரிக்க ஏஎன்எஸ்ஐ தரம் ஏடிவிகளை ஒருவர் வண்டி, இருவர் வண்டி என்று பிரிக்கிறது. இருவர் வண்டியில் இரண்டாவது ஆளுக்காகவே சக்கர இடைவெளி நீட்டியிருப்பார்கள். ஒருவர் வண்டியில் பெட்டியை மாட்டினால் இரண்டாவது ஆளின் எடை பின் அச்சுக்கு மேலும் பின்னுமாக உயரத்தில் உட்கார்கிறது, ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். ஓட்டுபவர் பின்னால் நகரவும் இடமில்லை. இந்தப் பட்டியலில் நேரடியாக உயிர் வாங்கும் சாமான் இது ஒன்றுதான்.

உயரம் கூட்டும் கிட், பெரிய டயர்: வண்டியின் எடை மையம் மேலே போகும், இஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட்டும் பிரேக்கும் கூடுதல் சுமை தாங்க வேண்டும். ஆழப் பள்ளம் வெட்டிய சேற்று டயர் சாதாரணப் பாதையை உழுதுவிடும். பாதையின் நடுவில் தேங்கிய தண்ணீரைக் கடக்க எந்தச் சிறப்பு டயரும் தேவையில்லை. மெதுவாக நடுவிலேயே போங்கள். ஓரமாகச் சுற்றிப் போகும் ஒவ்வொருவராலும் பாதை ஒரு அடி அகலமாகி, ஓரச் செடி அழிந்து, அடுத்த மழைக்கு மண் அரிக்கிறது. தண்ணீரைக் கடந்தபின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காயும்.

சத்தமான சைலன்சர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரை மீட்டர் தூரத்தில் 96 டெசிபெல்தான் எல்லை. அதைவிட முக்கியம், கம்பெனி சைலன்சரைக் கழற்றும்போது தீப்பொறித் தடுப்பு வலையும் போய்விடுகிறது. 0.58 மி.மீ.க்கு மேற்பட்ட கரித்துகளை வெளியே விடாத அந்தச் சிறு வலை இல்லாமல் அமெரிக்க வனத்துறை நிலத்தில் வண்டியை ஓட்டவே கூடாது. காய்ந்த புல்லில் ஒரு கரித்துகள் போதும். வலை இருக்கிற வண்டியிலும் கையேடு சொல்லும் இடைவெளியில், பல வண்டிகளில் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, சைலன்சர் ஆறியபின் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். அடைத்த வலை இஞ்சினின் பலத்தைத் தின்னும், உடனே 'வலையைப் பிடுங்கிப் போட்டால் சரியாகும்' என்று ஒருவர் சொல்வார். சுத்தம் செய்தாலே சரியாகும். சைலன்சரைச் சுற்றி, அடித்தட்டுக்குள் சேரும் காய்ந்த புல்லையும் அதே நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை இன்னும் இரண்டு

கொடிக்கம்பு வாங்குங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும், விலை மிகக் குறைவு. மணற்குன்றின் மறுபக்கம் ஏறி வரும் வண்டிக்கு நீங்கள் தெரிய வேண்டுமானால் உயரம் தேவை. கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளில் தரையில் இருந்து 8 அடி உயரத்துக்குக் கொடி கட்டாயம். சேசிஸில் ஸ்பிரிங் அடியோடு பொருத்தும் வகையே கிளையில் பட்டாலும் ஒடியாது.

செல்போன் எட்டாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவி. மாதக் கட்டணம் கிடையாது, இயக்கியதும் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும். ஆனால் உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும், பேட்டரியின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். சந்தா கட்டும் செயற்கைக்கோள் செய்திக் கருவியில் 'தாமதம், ஆபத்தில்லை' என்று வீட்டுக்குச் சொல்லும் வசதி கூடுதல். எதை வாங்கினாலும் வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், ஓட்டுபவரின் உடம்பில் இருக்கட்டும். வண்டி ஒரு பள்ளத்திலும் ஆள் இன்னொரு பள்ளத்திலும் கிடக்கும்போதுதான் அது தேவைப்படும்.